ஏழாயிரத்து எண்பதில் நடந்த தகராறு

கௌசல்யாவுக்கு அன்று விடுமுறை. ஞாயிறும் விடுமுறையும் ஒன்றாக வருவது சுங்கை வே தொழிற்சாலையில் மூன்று வாரத்துக்கு ஒருமுறைதான். அடுப்பில் தோசைக்கல்லைப் போட்டு, அது காய்வதற்குள் கைப்பேசி அடித்தது. சிரம்பானிலிருந்து சுகுமாறன், அவளைப் போலவே, சொந்த ரேடியோவில் ஊர் ஊராகப் பேசுவதற்கான ஹாம் ரேடியோ உரிமம் வைத்திருப்பவன்.

"அக்கா, ரேடியோ ஓடுதா?"

"ஓடுது. ஏன்?"

"ஆஃப் பண்ணிடுங்கக்கா. தம்புசாமி அங்கிள் உங்க கால்சைனை ரேடியோ நெட்ல மூணு வாட்டி சொல்லிட்டாரு. நெட்டைக் கெடுக்கிறது நீங்கதானாம். எல்லாரும் கேட்டுக்கிட்டு இருக்காங்க."

கௌசல்யா அடுப்பை அணைத்தாள். கூடத்து மூலையில், துணி மடிக்கும் மேசையின் பாதியைப் பிடித்துக்கொண்டு அவளுடைய ரேடியோவும் பழைய மடிக்கணினியும் இருந்தன. அவை பாட்டுக்குத் தங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தன. சுராபாயாவிலிருந்து யாரோ ஒருவர் அவளுக்குப் பதில் அனுப்பியிருந்தார். அவள் எல்லாவற்றையும் நிறுத்தினாள்.

"நான் என்ன செஞ்சேன்?" என்று லோகேஷிடம் கேட்டாள். அவள் கணவன் சோபாவில் படுத்திருந்தான்.

"என்னைக் கேட்டா? தோசை என்னாச்சு?" என்றான் அவன்.

கௌசல்யாவுக்கு நாற்பத்தேழு வயது. பத்தொன்பது வருடங்களாகத் தொழிற்சாலையில் சர்க்யூட் போர்டுகளைச் சோதிப்பவள். ஒரு நாளைக்கு அறுநூறு போர்டு அவள் கை வழியாகப் போகும். சரியென்றால் இடது பக்கம், கோளாறென்றால் வலது பக்கம். எட்டு வருடங்களுக்கு முன்பு தொழிற்சாலையில் பொறியாளர் ஒருவர் ஹாம் ரேடியோ வகுப்பு நடத்தினார். பதினான்கு பேர் சேர்ந்தார்கள். தேர்வில் ஐந்து பேர் தேறினார்கள், அதில் கௌசல்யா ஒருத்தி. தேறாதவர்களில் அவளுடைய சூப்பர்வைசரும் உண்டு. அதற்குப் பிறகு ஆறு மாதம் அவளுக்கு நல்ல ஷிஃப்ட் எதுவும் வரவில்லை.

பிரிக்ஃபீல்ட்ஸில் எட்டாவது மாடி பிளாட். ஆன்டெனா கட்ட அனுமதி கேட்டு நிர்வாகக் குழுவுக்கு ஏழு கடிதங்கள் எழுதினாள். கடைசியில், "வெளியிலிருந்து பார்த்தால் துணிக்கொடி மாதிரி இருக்க வேண்டும்" என்ற நிபந்தனையோடு அனுமதி வந்தது. துணிக்கொடி மாதிரியே கட்டினாள். அது அவ்வளவு நன்றாக அமைந்துவிட்டதால் லோகேஷ் இரண்டு முறை அதில் ஈரத் துண்டைக் காயப்போட்டுவிட்டான். பலகணிக்கு அந்தப் பக்கம் லிஃப்ட் மோட்டார். யாராவது ஏறி இறங்கினால் ரேடியோவில் அரிசி வறுப்பது போலச் சத்தம்.

உரிமம் வாங்கிய புதிதில் அவள் மைக்கில்தான் பேசினாள். முதல் நாள் அவளுக்குப் பதில் கொடுத்தவர், "உங்க ஹஸ்பண்ட் பக்கத்துல இருக்காரா? அவர்கிட்ட பேசலாமா?" என்று கேட்டார். இரண்டாமவர் கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்டார். மூன்றாமவர் அவள் அனுப்பிய சமிக்ஞை எப்படி இருந்தது என்று சொல்லவே இல்லை, குரல் இனிமையாக இருக்கிறது என்று மட்டும் சொன்னார். ஒரு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு மைக்கை மடக்கி வைத்தாள். அப்போதுதான் எஃப்.டி.எயிட் என்ற டிஜிட்டல் முறையைத் தெரிந்துகொண்டாள். ரேடியோவோடு கணினியை இணைத்துவிட வேண்டும். பதினைந்து விநாடி ஒருவர் அனுப்புவார், அடுத்த பதினைந்து விநாடி மற்றவர் அனுப்புவார். கால்சைன் என்கிற அழைப்புக்குறி, இருக்கும் இடம், சமிக்ஞையின் பலம், போய் வருகிறேன். அவ்வளவுதான். யாரும் கல்யாணத்தைப் பற்றிக் கேட்பதில்லை. மிக மெல்லிய சமிக்ஞையைக்கூடக் கணினி பொறுக்கி எடுத்துவிடும். அந்தத் துணிக்கொடியை வைத்துக்கொண்டு அவள் தொண்ணூற்றொரு நாடுகளைப் பிடித்திருந்தாள்.

"இதெல்லாம் ரேடியோவே இல்ல. கம்ப்யூட்டரும் கம்ப்யூட்டரும் பேசிக்குது. வணக்கம்னு ஒரு வார்த்தை உண்டா?" என்பது தம்புசாமி எப்போதும் சொல்வது.

தம்புசாமி கிள்ளானில் இருப்பவர். எழுபத்து நான்கு வயது. போர்ட் கிள்ளானில் கிரேன்களுக்கு மின்சார வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒவ்வொரு ஞாயிறும் காலை எட்டரை மணிக்கு அவர் தலைமையில் ஒன்பது பேர் கூடிப் பேசும் நெட் நடக்கும். வரிசையாகப் பெயர் கூப்பிடுவார். அவரவர் வானிலை, உடல்நிலை, பேரப்பிள்ளைகளைப் பற்றிச் சொல்லிவிட்டு அடுத்தவருக்கு வழி விடுவார்கள். தமிழும் மலாயும் ஆங்கிலமும் கலந்து ஓடும். அந்த நெட்டில்தான் சில வாரங்களாகக் குரலுக்குள்ளே கீ, கீயென்று விசில் விழுகிறதாம். சுகுமாறன் அதைக் கணினியில் போட்டுப் பார்த்ததில் அழைப்புக்குறிகள் வந்தன. ஜாவாவிலிருந்து மூன்று, தாய்லாந்திலிருந்து இரண்டு, பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து கௌசல்யா. ஜாவாக்காரர்களைத் திட்ட முடியாது. கைக்கெட்டிய தூரத்தில் இருந்தவள் இவள் ஒருத்திதான்.

சிற்றலையில் ஏழு மெகாஹெர்ட்ஸ் பட்டை எல்லோருக்கும் பொது. அதில் சுவரும் கிடையாது, காவலாளியும் கிடையாது. பழக்கம்தான் வேலி. ஏழாயிரத்து எழுபத்து நான்கு கிலோஹெர்ட்ஸில் தொடங்கி எழுபத்தேழு வரைக்கும் டிஜிட்டல்காரர்கள் இருப்பார்கள். தம்புசாமியின் நெட் ஏழாயிரத்து எண்பதில். அந்தப் பட்டையில் குரல், சொல்லப்படும் எண்ணிலிருந்து கீழ் நோக்கி மூன்று கிலோஹெர்ட்ஸ் இடம் எடுத்துக்கொள்ளும். அதாவது எழுபத்தேழிலிருந்து எண்பது வரை. இவர்கள் முடிகிற இடத்தில் அவர்கள் தொடங்குகிறார்கள். யாரும் யார் காலையும் மிதிக்க வேண்டியதில்லை.

தோசை சுட்டு லோகேஷின் வாயை அடைத்துவிட்டு, கௌசல்யா எதையும் அனுப்பாமல் கேட்பதற்கு மட்டும் ரேடியோவைப் போட்டுத் திரையைப் பார்த்தாள். டிஜிட்டல் சமிக்ஞைகள் அதில் மெல்லிய கோடுகளாக மேலிருந்து கீழே இறங்கும். ஆனால் திரையின் வலப்பக்கம் மூன்றில் இரண்டு பங்கை மறைத்துக்கொண்டு சேற்றை அப்பியது போல ஒரு திட்டு வந்து வந்து போனது. அது மனிதக் குரல். ரேடியோவைத் திருப்பித் தேடினாள். எண்பதில் வைத்தபோது தம்புசாமியின் குரல் குருவிக்குஞ்சு கத்துவது போலக் கேட்டது. கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறக்கினாள். எழுபத்தெட்டுக்கு வந்ததும் தெளிந்தது.

"நாம ஏழு பூஜ்யம் எட்டு பூஜ்யத்துல இருக்கோம். நாப்பது வருஷமா இதே எடம். இங்க வந்து விசிலடிக்கிறவங்களுக்குக் கொஞ்சமாவது வெக்கம் இருக்கணும்," என்று சொல்லிக்கொண்டிருந்தார் தம்புசாமி, எழுபத்தெட்டிலிருந்து.

அவள் முதலில் தன் ரேடியோவைத்தான் சந்தேகப்பட்டாள். பத்தொன்பது வருடப் பழக்கம். துல்லியமான நேரம் சொல்வதற்கென்றே ஒரு நிலையம், அணுவும் பிசகாமல் பத்து மெகாஹெர்ட்ஸில் ஒலிபரப்பும். அதை வைத்து மூன்று முறை சரிபார்த்தாள். அவளுடைய ரேடியோவில் ஒரு பிசகும் இல்லை. தம்புசாமியின் பழைய செட்டின் டயல்தான் எண்பது என்று காட்டிவிட்டு எழுபத்தெட்டில் நின்றுகொண்டிருந்தது. டிஜிட்டல்காரர்கள் அவருடைய இடத்துக்குப் போகவில்லை. அவர்தான் இவர்கள் இடத்துக்கு நெட்டோடு குடிவந்திருந்தார்.

திரையைப் படம் பிடித்து, மரியாதையாக நான்கு வரி எழுதி அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். மறுநாள் காலை ஒரு ரோஜாப்பூவும் 'இனிய காலை வணக்கமும்' வந்தன. மறுபடி எழுதினாள். இம்முறை நான்கு நிமிடக் குரல் பதிவு வந்தது. அதில் மூன்றரை நிமிடம் அவருடைய செட்டின் வரலாறு. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து மூன்றில் ஜப்பானில் செய்தது, சிங்கப்பூர் போய் வாங்கியது, இதுவரைக்கும் ஒரு ஸ்க்ரூ கழற்றியதில்லை. கடைசியில், "தங்கச்சி, தப்பு யாரும் செய்யலாம். ஒத்துக்கணும்."

கௌசல்யா கைப்பேசியைச் சோபாவில் எறிந்தாள். அது லோகேஷின் மீது விழுந்தது.

அடுத்த இரண்டு ஞாயிறும் அவள் பெயர் நெட்டில் வந்தது. அந்த இரண்டு ஞாயிறும் அவள் தொழிற்சாலையில் இருந்தாள். வீட்டில் ரேடியோ அணைந்து கிடந்தது. அப்படியும் வந்தது.

"நேர்ல போய்ச் சொல்லிட்டு வந்துருவோம்," என்றாள்.

"வாரம் முழுக்கக் கண்டெய்னர் லோரியில அதே ரோட்டுலதான் போர்ட் கிள்ளான் போறேன். லீவு நாள்லயும் அங்கயா?" என்றான் லோகேஷ். ஆனால் கார்ச் சாவியை எடுத்துக்கொண்டுதான் சொன்னான்.

தம்புசாமியின் வீடு தூரத்திலிருந்தே தெரிந்தது. வீட்டைவிட இரண்டு மடங்கு உயரத்தில் பின்பக்கம் ஓர் ஆன்டெனாக் கோபுரம். அவருடைய மகள் ஷாமினி கதவைத் திறந்தாள். பள்ளிக்கூட ஆசிரியை. வந்த காரணத்தைக் கேட்டதும், "அப்பாகிட்டயா? குட் லக் ஆன்டி," என்று சொல்லிவிட்டுத் தேநீரும் வடையும் எடுத்துவரப் போனாள்.

தம்புசாமி மலர்ந்த முகத்தோடு வரவேற்றார். பசியாறியாகிவிட்டதா என்று இரண்டு முறை கேட்டார். கௌசல்யா கொண்டுபோன இன்னொரு மடிக்கணினியையும் கையடக்க ரேடியோவையும் இணைத்து மேசையில் வைத்தாள். "அங்கிள், உங்க டயலை எண்பதுல வச்சு ஒரு நிமிஷம் பேசுங்க," என்றாள்.

அவர் பேசினார். கையடக்க ரேடியோவில் அவர் குரல் எழுபத்தெட்டில் கேட்டது.

"பாத்தீங்களா?"

"அது என்ன ரேடியோ?"

"அங்கிள், பிராண்டைப் பத்திப் பேசல..."

"ஆன்லைன்ல வாங்கினதா? எவ்வளவு கனம் இருக்கும்? அரைக் கிலோகூட இருக்காது போல. இந்தா, என் செட்டைத் தூக்கிப் பாரு. பன்னெண்டு கிலோ."

"கனத்தை வச்சு அளக்க முடியாது அங்கிள்!"

"தங்கச்சி, நான் கிரேன்ல முப்பத்திரண்டு வருஷம் வேலை பாத்தவன்."

அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க வாயெடுத்தவளை லோகேஷ் முழங்கையால் இடித்தான். அவள் மூச்சை இழுத்துவிட்டு வேறு வழியில் முயன்றாள். வீட்டுக் கணினியைக் கைப்பேசியிலிருந்தே இயக்க அவள் ஏற்பாடு செய்து வைத்திருந்தாள். பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து தன் சமிக்ஞையை இப்போது அனுப்பிக் காட்டினால், அது எழுபத்தைந்தில் ஒரே கோடாக ஒழுங்காக நிற்பதை அவரே பார்க்கட்டும் என்று நினைத்தாள்.

அனுப்பினாள். மேசை மீதிருந்த திரையில் கோடு விழுந்தது. அவள் சொன்ன இடத்தில், எழுபத்தைந்தில், அழுத்தமாக விழுந்தது. தம்புசாமி கண்ணாடியை மூக்குக்கு இறக்கிக் குனிந்து பார்த்தார்.

"அது சரி. பக்கத்துல மங்கலா இன்னொண்ணு இறங்குதே, அது யாரு?"

எழுபத்தாறில் இன்னொரு கோடு. மெல்லியது. முதல் கோடு நின்றபோது அதுவும் நின்றது. தொடங்கியபோது அதுவும் தொடங்கியது.

கௌசல்யாவுக்குக் காது மடல் சுட்டது. அது யாரென்று அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது. கணினியிலிருந்து ரேடியோவுக்குப் போகும் ஒலியை அளவுக்கு மேல் வைத்தால், சமிக்ஞைக்கு இப்படி ஓர் ஆவி உண்டாகும். வகுப்பில் முதல் வாரமே சொல்லிக்கொடுத்தது. போன மாதம் கணினி தானாகவே தன்னைப் புதுப்பித்துக்கொண்டபோது ஒலி அளவு முழுதாக ஏறியிருக்க வேண்டும். அவள் பார்க்கவில்லை. ஒரு நாளைக்கு அறுநூறு போர்டு பார்ப்பவள் இதைப் பார்க்கவில்லை.

"அது... என்னுதுதான்," என்றாள்.

தம்புசாமி நாற்காலியில் சாய்ந்தார். அவர் முகத்தில் ஏளனம் இல்லை. உண்மையான நிம்மதி இருந்தது. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"அதான் சொன்னேனே. தப்பு யாரும் செய்யலாம்."

"அங்கிள், இது தப்புதான். இப்பவே சரி பண்ணிடறேன். ஆனா உங்க டயலும் தப்பு. நீங்க எண்பதுல இருந்தா என் ஆவி உங்க பக்கமே வராது. ரெண்டும் உண்மை."

"ஷாமினி, தங்கச்சிக்கு இன்னொரு வடை வை."

திரும்பும் வழியில் லோகேஷ், "வடை நல்லாருந்துச்சு," என்றான். சுங்கச்சாவடி தாண்டும் வரை அவள் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் ஒலி அளவைக் குறைத்தாள். ஆவி மறைந்தது.

மறுநாள் ஞாயிறு. அவளுடைய விடுமுறை ஞாயிறு. டிஜிட்டலைத் தொடாமல் ரேடியோவை எழுபத்தெட்டில் வைத்துக் கேட்டாள். நெட் தொடங்கியதும் தம்புசாமி மகிழ்ச்சியாக அறிவித்தார்: "ஒரு நல்ல செய்தி. பிரிக்ஃபீல்ட்ஸ் தங்கச்சி நேத்து நம்ம வீட்டுக்கு வந்து, தன் தப்பை ஒத்துக்கிட்டு, சரி பண்ணிட்டாங்க. இதான் பண்பு. பிரச்சினை முடிஞ்சது."

அவர் பேசி முடிப்பதற்குள்ளேயே பின்னால் ஒரு விசில் கேட்டது. ஜாவாவாக இருக்கும்.

கௌசல்யா மைக்கை எடுத்தாள். ஏழு வருடமாகத் தொடாதது. அழைப்புக்குறியைச் சொன்னாள்.

"அங்கிள், என் தப்பை ஒத்துக்கிட்டேன். மிச்சத்தையும் நானே சொல்லிடறேன். உங்க டயல் ரெண்டு கிலோஹெர்ட்ஸ் தப்பாக் காட்டுது. நீங்க நிக்கிறது எழுபத்தெட்டு. டிஜிட்டல்காரங்க யாரும் உங்க எடத்துக்கு வரல. என்னை நம்ப வேணாம். இங்க ஒம்பது பேர் இருக்கீங்க, எல்லார் செட்டுலயும் நம்பர் தெரியும். ஒருத்தர் சொல்லுங்க, நாம இப்ப எங்க இருக்கோம்?"

சுகுமாறன் வந்தான்.

"அக்கா சொல்றது கரெக்ட்தான் அங்கிள். எழுபத்தெட்டு."

"எப்பலருந்து?" என்றார் தம்புசாமி.

"ஒரு... ஆறு வருஷம் இருக்கும். கொஞ்சம் கொஞ்சமா இறங்கிச்சு. நாங்களும் உங்க கூடவே இறங்கிட்டோம். சொன்னா வருத்தப்படுவீங்கன்னு..."

ஆறு வருடம். ஒன்பது ஆண்கள். மூன்று வாரமாகத் தன் பெயர் நெட்டில் நாறியபோது ஒருவராவது வாய் திறந்திருக்கலாம். கௌசல்யா மைக் பட்டனை அழுத்தினாள். சொல்ல வந்தது அச்சில் ஏறாத வார்த்தை என்பதால் விட்டுவிட்டாள். தம்புசாமி, "சரி. நெட் முடியுது. வணக்கம்," என்று மட்டும் சொல்லி அணைத்துவிட்டார்.

அடுத்த வாரம் நெட் நடக்கவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. "வயசானவரு அக்கா, கொஞ்சம் பக்குவமா சொல்லியிருக்கலாம்" என்று நான்கு பேர் அவளுக்கு எழுதினார்கள். அந்த நான்கு பேரும் ஆறு வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தவர்கள். அவள் பதில் போடவில்லை. ஷாமினியிடமிருந்தும் ஒரு செய்தி வந்தது: "ஆன்டி, அப்பா செட்டைத் திறந்துட்டாரு. சாமி ரூம்ல வச்சு ரிப்பேர் பண்றாரு. யாரையும் கிட்ட விடல."

மூன்றாவது ஞாயிறு அவளுக்கு விடுமுறை. எட்டரைக்குச் சும்மா எண்பதில் வைத்துப் பார்த்தாள். தம்புசாமியின் குரல் தெளிவாக வந்தது. சரியாக எண்பதில். நெட்டைத் தொடங்கி, பெயர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். சிரம்பான். பதில் இல்லை. ஈப்போ. பதில் இல்லை. தைப்பிங். ஒவ்வொருவருக்கும் பத்து விநாடி காத்திருந்துவிட்டு அடுத்த பெயருக்குப் போனார். ஒன்பது பேரையும் கூப்பிட்டு முடித்துவிட்டு, மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தார். குரல் இறங்கிக்கொண்டே போனது.

கௌசல்யா தலையில் கை வைத்துக்கொண்டாள். பிறகு மைக்கை எடுத்தாள்.

"அங்கிள், கௌசல்யா. நல்லா கேக்குது. கரெக்டா எண்பது."

"நீ ஒருத்திதாம்மா வந்திருக்க. மத்தவங்களுக்கு என் மேல கோவம் போல. ஆறு வருஷம் கஷ்டப்படுத்தியிருக்கேன்."

"கோவமும் இல்ல ஒண்ணும் இல்ல அங்கிள். அவங்க எல்லாம் பழைய எடத்துலயே நின்னு உங்களைத் தேடிக்கிட்டு இருப்பாங்க. ஒரு நிமிஷம் இருங்க."

எழுபத்தெட்டுக்கு இறங்கினாள். அப்படியேதான் இருந்தது. ஒன்பது பேரும் அங்கே கூடி நின்று, "அங்கிள் இன்னைக்கும் வரலயே", "உடம்பு சரியில்லையோ", "எல்லாம் அந்த அம்மா பேசினதால வந்தது" என்று ஆளாளுக்கு விசில்களுக்கு நடுவே கத்திக்கொண்டிருந்தார்கள்.

"அந்த அம்மா பேசுறேன்," என்றாள் கௌசல்யா. "அங்கிள் ரெண்டு கிலோஹெர்ட்ஸ் மேல உக்காந்து இவ்வளவு நேரமா உங்க பேரைக் கூப்பிட்டுக்கிட்டு இருக்காரு. நெட் எண்பதுலன்னு நாப்பது வருஷமா சொல்றாருல்ல? ஒரு தடவையாவது எண்பதுக்குப் போங்க லா!"

ஒவ்வொருவராக மேலே போனார்கள். தைப்பிங்காரருக்கு மட்டும் எண்பது எங்கே இருக்கிறது என்று இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. அங்கே விசில் இல்லை. தம்புசாமி ஒவ்வொரு பெயரையும் மறுபடி கூப்பிட்டார், ஒவ்வொருவரும் வந்தார்கள். கடைசியில், "பிரிக்ஃபீல்ட்ஸ் கௌசல்யா" என்றார். அவள் வானிலையைச் சொன்னாள்.

முடியும்போது அவர் கேட்டார்: "ஒவ்வொரு வாரமும் வந்து நான் எங்க நிக்கிறேன்னு பாத்துச் சொல்ல முடியுமா?"

"எனக்கு மூணு வாரத்துக்கு ஒரு ஞாயித்துக்கிழமைதான் லீவு அங்கிள்."

"அப்போ மத்த ரெண்டு வாரம்?"

"ஒம்பது பேர் இருக்காங்களே அங்கிள்!"

அடுத்த ஞாயிறு அவள் வேலையில் இருந்தாள். பத்து மணி இடைவேளையில் லாக்கரைத் திறந்து கைப்பேசியை எடுத்தபோது ஏழு செய்திகள். எல்லாம் ஒரே கேள்வி. சுகுமாறன் அனுப்பியதைத் திறந்தாள்: "அக்கா, அங்கிள் எண்பது புள்ளி ரெண்டுல இருக்கார் போல. நீங்க சொல்றீங்களா? நாங்க சொன்னா நல்லாருக்காது."

"நீயே சொல்லு" என்று தட்டி, ஏழு பேருக்கும் அதையே அனுப்பிவிட்டு, கையுறையை மாட்டிக்கொண்டு லைனுக்குப் போனாள்.